பம்பர் கோணலா? சுத்தியலுக்கு முன்னாடி இஞ்ச் டேப்பை எடுங்க

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

பழைய கார் வச்சிருக்கிறவங்க அனுப்புற கேள்விகள்ல திரும்பத் திரும்ப வர்றது ஒண்ணு: "முன் பம்பர் ஒரு பக்கம் தொங்குது. எப்படி நிமிர்த்துறது?" சிலர் போட்டோவும் அனுப்புறாங்க. ஒரு பக்கம் கிரில்லை ஒட்டி நிற்கும், இன்னொரு பக்கம் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும்.

இன்னைக்கு முழு எபிசோடும் அந்தக் கேள்விக்குத்தான். அம்பாசடரை வச்சுப் பேசப்போறேன். வார இறுதிகளில் நான் அதிகம் வேலை பார்த்தது அந்த வண்டியில்தான். உங்ககிட்ட பிரீமியர் பத்மினி இருக்கலாம், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கலாம், பழைய ஜீப் இருக்கலாம். வேலையோட முறை கிட்டத்தட்ட இதேதான்.

முதல்லயே சொல்லிடறேன். கோணல் தெரியிற இடம் பம்பர். கோணல் உண்டான இடம் பம்பராவும் இருக்கலாம், அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற ஏதோ ஒண்ணாவும் இருக்கலாம். எதுன்னு தெரியாம நிமிர்த்தினா, வண்டி கண்ணுக்கு நேராயிடும். உள்ளே இருக்கிற சேதம் அப்படியே இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே அடையாளத்தையும் நாமே அழிச்சிருப்போம்.

அடி எந்த வழியா போகும்

அம்பாசடர், இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தில் உள்ள உத்தரபாரா ஆலையில் 1950களின் கடைசியில் தயாரிக்க ஆரம்பித்தது. 2014 மே மாதம் நிறுத்தியது. நடுவில் என்ஜின் மாறியது, கிரில் மாறியது. அடிப்படை உருவம் பெரிதாக மாறவில்லை.

அந்தப் பழைய பம்பர், அழுத்தி வளைத்த இரும்புத் தகடு. மேலே குரோம் பூச்சு. அதை இரும்பு ப்ராக்கெட்டுகள் தாங்கும். அந்த ப்ராக்கெட்டுகளை வண்டியின் முன் சட்டத்தோடு போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். நடுவில் அடியை வாங்கிக்கொள்ள ரப்பரோ ஃபோமோ கிடையாது.

இன்றைய கார்களில் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அடியை உறிஞ்சுகிற பகுதி இருக்கும். அந்த யோசனை சட்டமாக வந்த இடங்களில் முக்கியமானது அமெரிக்கா. 1973 மாடலிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கம் மோதினாலும் விளக்கு போன்ற பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகங்கள் கெடக்கூடாது என்று அங்கே விதி வந்தது. நம்ம வண்டி வரைபடத்தில் உருவானது அதற்கு ரொம்ப முன்னாடி. அதனால் பம்பரில் விழுகிற அடி ப்ராக்கெட்டுக்குப் போகும். ப்ராக்கெட் தாங்கினால் சட்டத்துக்குப் போகும். எது முதலில் மடங்குகிறதோ அங்கே நிற்கும்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திடறேன். பட்டறையில் எல்லாருமே "சேசிஸ்" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. பத்மினிக்கும் இல்லை. பாடியும் சட்டமும் சேர்த்து வெல்டு செய்த ஒரே கூடு. என்ஜினுக்கு இரு பக்கமும் பெட்டி போல மடித்த இரும்புச் சட்டங்கள் முன்னால் நீண்டு வரும். ஹெரால்டுக்கும் ஜீப்புக்கும் தனிச் சேசிஸ் உண்டு; பாடியைக் கழற்றித் தூக்கிவிட்டால் அது தனியாக நிற்கும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? அம்பாசடரில் முன் சட்டம் மடங்கியிருந்தால் மடங்கினது வண்டியோட உடம்பேதான்.

சந்தேகப்பட வேண்டிய நாலு இடம்

செலவு குறைவானதில் ஆரம்பித்து வரிசையாகப் போவோம்.

முதல் இடம், போல்ட்டு. பல பழைய வண்டிகளில் ப்ராக்கெட் துளை வட்டமாக இருக்காது, நீளமாக இருக்கும். முன்னே பின்னே, மேலே கீழே நகர்த்திப் பொருத்துவதற்காக அப்படி வைத்திருப்பார்கள். யாரோ எப்போதோ கழற்றி, மட்டம் பார்க்காமல் முடுக்கியிருந்தால் பம்பர் கோணலாகத்தான் உட்காரும். வாஷர் ஒன்று தொலைந்திருந்தாலும் போதும். இதுக்கு ஒரு ஸ்பேனரும் பொறுமையும் போதும்.

இரண்டாவது, ப்ராக்கெட். பார்க்கிங்கில் சுவரில் இடித்தது, மழையில் பள்ளத்தில் இறங்கியது, பின்னால் வந்தவர்கள் பம்பரைப் பிடித்துத் தள்ளியது. வருஷக்கணக்கில் சேர்ந்து அது லேசாக மடங்கும்.

மூன்றாவது, பம்பர் தகடே. ஒரு முனை உள்ளே போயிருக்கும், அல்லது நீளவாக்கில் முறுக்கியிருக்கும். முறுக்கு சட்டென்று கண்ணில் படாது. பம்பரைக் கழற்றிச் சமமான சிமென்ட் தரையில் குப்புறப் போட்டு, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி அழுத்துங்க. ஆடும் நாற்காலி மாதிரி தடதடன்னு ஆடினா முறுக்கு இருக்கு.

நான்காவது, முன் சட்டம். இதுதான் பயப்பட வேண்டியது. என்ஜின், முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாமே நம்பி நிற்கிற பகுதி அது.

அளக்கிற முறை

இதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் கையில் இருக்கிறது போதும்: இஞ்ச் டேப், தூக்குக்குண்டு, சாக்பீஸ், ஒரு ரசமட்டம்.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்க. நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு வைங்க. முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, தானாக அடங்க விடுங்க. இப்போ இரு பக்கமும் தரையிலிருந்து மட்கார்டு வளைவு வரைக்கும் அளங்க. அந்த இரண்டு அளவும் வேற வேறயா இருந்தா, வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சஸ்பென்ஷனைத்தான் முதலில் பார்க்கணும். பம்பரைத் தரைக்கு மட்டமா வச்சுட்டு, வண்டி சாய்ந்திருந்தா, சஸ்பென்ஷனைச் சரிசெய்த அன்னைக்கு பம்பர் எதிர்ப்பக்கம் கோணலாயிடும். பம்பருக்கு அளவுகோல் வண்டியோட உடம்பு. தரை கிடையாது.

அடுத்து தூக்குக்குண்டு. வண்டிக்கு அடியில் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிற புள்ளிகளைத் தேர்ந்தெடுங்க. சஸ்பென்ஷன் போல்ட்டு, சட்டத்தில் ஆலையிலேயே போட்ட துளை, ப்ராக்கெட் போல்ட்டு, இப்படி. ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, அது தொடுகிற இடத்தில் தரையில் சாக்பீஸால் புள்ளி வைங்க. எல்லாம் முடிஞ்சதும் வண்டியைத் தள்ளி நகர்த்திடுங்க. இப்போ தரையில் புள்ளிக்கோலம் மாதிரி ஒரு வரைபடம் இருக்கும். குறுக்கே அளங்க: இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டு குறுக்களவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. கையால் பொருத்திய பழைய வண்டியில் சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். விரல் அகலத்துக்கு வித்தியாசம் வந்தால் நிறுத்துங்க. பம்பர் வேலை அங்கேயே முடிஞ்சது, அடுத்தது பெரிய வேலை.

இது இடவலக் கோணலைத்தான் காட்டும். மேலே கீழே மடங்கியிருக்கான்னு பார்க்க அதே புள்ளிகளிலிருந்து தரைக்கு உயரத்தையும் குறிச்சு வைங்க.

கூடவே ஒரு காந்தம் எடுத்துக்கோங்க. மெல்லிய துணியில் சுற்றி, ப்ராக்கெட் பொருந்துகிற இடத்தைச் சுற்றித் தடவுங்க. இரும்பில் ஒட்டும். பட்டி கனமாகப் பூசின இடத்தில் வழுக்கி விழும்.

ஒரு கல்யாணமும் ஒரு காந்தமும்

என் நண்பன் வீட்டில் 1971 அம்பாசடர் ஒன்று இருக்கு. அவனோட தாத்தா வாங்கின வண்டி. தாத்தா இல்லை. பாட்டிக்கு ஒரே ஆசை, பேத்தி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் போகணும்னு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. வண்டி ஓடுது, பிரேக் பிடிக்குது, ஆனா முன் பம்பர் இடது பக்கம் நல்லாவே தொங்குது. வீடியோவில் அது தெரியக்கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை.

தெருவில் ஆளாளுக்கு ஒரு யோசனை. "மரத்துல சங்கிலியைக் கட்டி ரிவர்ஸ் எடு, தானா நிமிரும்"னு ஒருத்தர் சொன்னார். நண்பனும் அதுக்குத் தயாராத்தான் இருந்தான். நான் டிங்கரிங் பட்டறை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் பம்பரைத் தொடவே இல்லை. பானெட்டைத் திறந்து மூடினார். கதவைத் திறந்து மூடினார். இடைவெளிகளில் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் அடியில் படுத்துக் காந்தத்தை வைத்தார். இடது சட்டத்தோட முனையில் காந்தம் ஒட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினார். பட்டி பெயர்ந்து விழுந்தது, கூடவே துருவும். உள்ளே பெட்டி பாதி காலி.

"தம்பி, இதை இழுத்தா பம்பர் நிமிராது, சட்டம் பிய்ஞ்சு கையில வரும்"னார்.

எப்போதோ இடித்திருக்கிறது. மடங்கினதைச் சரியாக நிமிர்த்தாமல் பட்டியால் மூடியிருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் நின்று, மூடிய இடத்திலேயே இரும்பு கரைந்திருக்கிறது. பம்பர் தொங்கினது அந்தத் துருவினால்.

பாட்டிகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்தது. "ரெண்டு கிலோமீட்டர்தானே, மெதுவா போனா என்ன?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அண்ணன் நேராவே பதில் சொன்னார்: "அம்மா, வண்டியில மாப்பிள்ளையும் நாலு குழந்தைங்களும் உட்காருவாங்க. ஒரு பள்ளத்துல இறங்கினா என்னாகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது." பாட்டி அதுக்கப்புறம் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வாடகை வண்டி வந்தது. அம்பாசடர் பட்டறைக்குப் போனது. சட்டத்தோட முனையை வெட்டி, அதே கனத்தில் புது இரும்பு வைத்து வெல்டு பண்ணி, மறுபடி குறுக்களவு பார்த்து முடிக்க ஒன்றரை மாசம் ஆனது. தலை ஆடிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வரப் போனது அந்த வண்டி. பாட்டி முன்சீட்டில்.

அந்த வண்டியில் பம்பர் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட வளைந்திருக்கவில்லை. அதைத்தான் சங்கிலி போட்டு இழுக்க இருந்தார்கள்.

சரி, நிஜமாவே பம்பர்தான் வளைஞ்சிருக்கு. இப்போ?

முதலில் கழற்றுங்க. வண்டியில் இருக்கும்போதே நிமிர்த்த வேண்டாம், நீங்க கொடுக்கிற விசை சட்டத்துக்குப் போகும். போல்ட்டு துருப்பிடிச்சிருந்தா முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்க. வலுக்கட்டாயமா திருகினா போல்ட்டு உடையும்.

சங்கிலி கட்டி இன்னொரு வண்டியால் இழுக்கிறது வேண்டவே வேண்டாம். இறுகி நிற்கிற சங்கிலியோ வயர் ரோப்போ அறுந்தால், அது எங்கே பாயும்னு யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கிறவர் முகத்துக்கோ காலுக்கோ ஆபத்து.

ப்ராக்கெட்டை வைஸில் பிடித்து நிமிர்த்தலாம். இரும்புக்கு ஒரு குணம் இருக்கு: வளைத்து விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் வேண்டிய அளவைத் தாண்டிக் கொஞ்சம் அதிகம் வளைத்து விடணும். ஒரே மூச்சில் செய்யாதீங்க. கொஞ்சம் வளை, விடு, அள. மறுபடி கொஞ்சம். நல்லா இருக்கிற மறுபக்க ப்ராக்கெட்டை அட்டையில் வைத்துக் கோடு போட்டுக்கிட்டா அதுவே உங்க அச்சு. இடதுக்கும் வலதுக்கும் அட்டையைத் திருப்பிப் போட்டால் போதும். நிமிர்த்தின பிறகு மடிப்பில் மயிரிழை விரிசல் இருக்கான்னு வெளிச்சத்தில் பாருங்க. இருந்தா அந்த ப்ராக்கெட் வேண்டாம். சென்னையில் இருக்கிறவங்க புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டிலயும் ஒரு நாள் சுத்தினா பழைய பாகங்கள் கிடைக்க வாய்ப்பிருக்கு.

பம்பர் தகட்டுக்கு டிங்கர்கள் கடைப்பிடிக்கிற ஒரு விதி இருக்கு: கடைசியாக மடங்கினதை முதலில் நிமிர்த்து. அடி விழுந்த இடத்தில் முதல் பள்ளம், அதிலிருந்து பரவினது பக்கத்து மடிப்புகள். அந்த ஓரத்து மடிப்புகளை முதலில் விடுவித்துக்கொண்டே நடுப்பள்ளத்துக்கு வரணும். நேரே நடுவில் ஓங்கி அடித்தால் ஓரத்து மடிப்பு அப்படியே உறைந்துவிடும், தகடும் நீளும். பம்பரோட வளைவுக்கு ஏற்ப மரக்கட்டையைச் செதுக்கி அடியில் வைத்து, மணல் மூட்டை மேல் போட்டு, பின்பக்கத்திலிருந்து மரச் சுத்தியலால் தட்டுவது பழைய முறை. இன்னைக்கும் அதுதான் நல்லது. முன்பக்கத்தில் சுத்தியல் படவே கூடாது.

கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் வேலை சுலபம், உண்மைதான். ஆனால் சூடு பட்ட இடத்தில் குரோம் போயிடும், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். குரோம் மேலேயே வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். சூடு தவிர்க்க முடியாத அளவு வளைஞ்சிருந்தா, முதலில் பூச்சை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தெரிந்த ஆள்தான் செய்யணும்.

திரும்ப மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி விடுங்க. ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் அளக்கணும். ஹெட்லைட் வளையத்திலிருந்து பம்பருக்கு, மட்கார்டு முனையிலிருந்து பம்பருக்கு, இரு பக்கமும் அளவு ஒத்துவந்த பிறகு இடம் வலம் மாற்றி மாற்றி முடுக்குங்க.

பளபளப்புக்கு விலை

நிமிர்த்தின பம்பரில் குரோம் விரிசல் விட்டிருக்கும். "புதுசா குரோம் போட்டுடலாம்"னு தோணும். கொஞ்சம் யோசிங்க.

நாம் குரோம் என்று சொல்வதில் குரோமியம் ரொம்பக் கொஞ்சம்தான், ஒரு மைக்ரானை விடக் குறைவு. துருவைத் தடுக்கிற வேலையைப் பெரிதும் செய்வது அதற்கு அடியில் இருக்கிற நிக்கல் அடுக்கு. அதனால் பிளேட்டிங் கடையில் "குரோம் எவ்வளவு?"ன்னு கேட்காதீங்க, "நிக்கல் எவ்வளவு நேரம் போடுவீங்க?"ன்னு கேளுங்க. பூச்சுக்கு முன்னாடி பழையதை எடுத்து, இரும்பைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பு போகும், கூரான விளிம்புகள் மழுங்கும். மூன்றாவது முறை பூசின பம்பர் சோப்புக்கட்டி மாதிரி ஆயிடும்.

இன்னொன்று, வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள். ராணிப்பேட்டையில் தோல் பதனிடுதல் போன்றவற்றுக்கு குரோமேட் ரசாயனம் தயாரித்த ஆலை 1990களில் மூடிவிட்டது. அது விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு, அந்தப் பகுதி நிலத்தடி நீருக்கு இன்னும் தலைவலி. பம்பர் பளபளப்பும் அந்த ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கையுறை இல்லாமல் தொட்டியில் பையன்கள் வேலை செய்கிற கடை, கழிவைச் சாக்கடையில் விடுகிற கடை, எவ்வளவு மலிவா இருந்தாலும் போகாதீங்க. சின்ன விரிசலா இருந்தா சுத்தம் செய்து மெழுகு தடவி வைத்துக்கொண்டாலே பல மழைக்காலம் ஓடும். ஐம்பது வயசு வண்டிக்குக் கொஞ்சம் சுருக்கம் இருக்கட்டுமே.

சட்டப்படி இரண்டு விஷயம்

ஒண்ணு. 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அந்தப் பதிவு எடுத்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான். அந்த எண்ணம் இருக்கிறவங்க சட்டத்தில் வெட்டு வேலை செய்றதுக்கு முன்னாடி, நடுவில், பின்னால் போட்டோ எடுத்து வைங்க. என்ன பழுது பார்த்தோம்னு காட்ட ஆதாரம் வேணும்.

இரண்டு. "மறுபடி வளையக்கூடாது"ன்னு பம்பர் முன்னாடி கனமான இரும்புக் கம்பி கார்டு மாட்டாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை மீறுவதாகச் சொல்லி, அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்க 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மேல் பட்டால் காயம் பெரிசாகும். அதில் விழுகிற அடியும் நேரே அந்தச் சட்டத்துக்குத்தான் போகும்.

இந்த வாரம் உங்க வண்டியில் செய்ய ஒரே ஒரு வேலை: ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று சரிபார்த்து, புள்ளிகளை வைத்து, இரண்டு குறுக்களவையும் ஒரு தாளில் எழுதி வைங்க. பம்பர் நேரா இருந்தாலும் செய்யுங்க. அந்தத் தாளை ஆர்.சி. புக் கூட வைங்க. அடுத்த முறை எங்கேயாவது இடிச்சா, எது மாறியிருக்குன்னு அந்தத் தாள் சொல்லும். பட்டறைக்குப் போகும்போதும் "பம்பரை நிமிர்த்துங்க"ன்னு சொல்லாம, "இந்த அளவு இவ்வளவு மாறியிருக்கு, ஏன்னு பாருங்க"ன்னு கேளுங்க. நல்ல டிங்கருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

அடுத்த எபிசோடில் பழைய கார் வயரிங். எலி கடிச்ச வயர் வச்சிருக்கிறவங்க எல்லாம் தவறாம கேளுங்க.